பேசுவதெல்லாம் ஒரே பேச்சல்ல: அயல்மொழி வகுப்பில் மூன்று தொடர்பு முறைகள்

மொழி கற்பிப்பவர் யாரைக் கேட்டாலும் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களை அடுக்குவார். பாடநூல்களும் தேர்வுகளும் வெகுகாலம் இந்த நான்கை வைத்தே ஓடின. இன்றும் பல இடங்களில் ஓடுகின்றன. காது, வாய், கண், கை என்று உறுப்புகளை வைத்துப் பிரித்த பகுப்பு இது. நினைவில் வைத்துக்கொள்ள எளிது. ஆனால் வகுப்பறைக்கு மிகவும் தேவையான ஒரு விஷயம் இதில் விடுபட்டுப் போகிறது. மறுமுனையில் இருப்பவர் யார், அவரிடம் திருப்பிக் கேட்க முடியுமா என்பதுதான் அது.

தொலைபேசியில் நண்பரோடு பேசுவதும் பேச்சுதான், அரங்கில் சொற்பொழிவு ஆற்றுவதும் பேச்சுதான். முதலாவதில் அடுத்த நொடி எதிராளி என்ன சொல்வார் என்று தெரியாது. அவர் சொன்னதைக் காதில் வாங்கி, புரியாவிட்டால் கேட்டு, அதற்கேற்ப நம் வாக்கியத்தை அந்த இடத்திலேயே உருவாக்க வேண்டும். இரண்டாவதில் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதித் திருத்தி ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கேட்பவருக்குப் புரிந்ததா என்று நடுவில் நிறுத்திச் சரிபார்க்க முடியாது. இரண்டுக்கும் வாய்தான் கருவி என்பதற்காக இரண்டையும் ஒரே திறன் என்று எண்ணி, ஒரே பயிற்சியும் ஒரே மதிப்பெண்ணும் கொடுப்பது சரியாகாது. எழுத்துக்கும் இது பொருந்தும். குறுஞ்செய்தியில் மாறி மாறி எழுதுவது ஒரு வேலை, கட்டுரை எழுதுவது முற்றிலும் வேறொரு வேலை.

இந்த வேறுபாட்டை முறையாக எடுத்துப் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்தது, அமெரிக்காவில் 1996-இல் வெளியான அயல்மொழிக் கல்விக்கான தேசியத் தரவரைவு. ஆக்ட்ஃபில் எனப்படும் அமெரிக்க அயல்மொழிக் கற்பித்தல் மன்றமும் தனித்தனி மொழிகளுக்கான ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து உருவாக்கியது அது. தொடர்பு, பண்பாடு, பிற பாடங்களோடு இணைப்பு, ஒப்பீடு, சமூகங்கள் என்ற ஐந்து இலக்குகளில் முதலாவதான தொடர்பை அவர்கள் மூன்று முறைகளாகப் பிரித்தார்கள். ஆங்கிலத்தில் இன்டர்பிரிட்டிவ், இன்டர்பெர்சனல், பிரசன்டேஷனல் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அவற்றைப் பொருள்கொள்ளல், உரையாடல், முன்வைத்தல் என்று அழைக்கிறேன்.

மூன்றையும் பிரித்தறியக் கடினமான இலக்கணம் எதுவும் தேவையில்லை. ஒரு செய்தி என்னிடம் வருகிறது, அதைச் சொன்னவரிடம் விளக்கம் கேட்க வழியில்லை, நானே புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது பொருள்கொள்ளல். வானொலிச் செய்தி, அறிவிப்புப் பலகை, சிறுகதை, திரைப்படம் எல்லாம் இதில் அடங்கும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக் கேட்டுக்கொள்ள முடிந்தால் உரையாடல். நான் தயார் செய்து, உடனே திருப்பிக் கேட்க முடியாத ஒருவருக்கோ கூட்டத்துக்கோ கொடுத்தால் முன்வைத்தல். கேட்பதா படிப்பதா, பேசுவதா எழுதுவதா என்பது இதற்கு அடுத்த கேள்வி. காது கேளாதோர் பயன்படுத்தும் சைகைமொழிகளும் இந்தப் பகுப்பில் இயல்பாகப் பொருந்துகின்றன. உறுப்புகளை வைத்துப் பிரித்த பழைய நான்கில் அவற்றுக்கு இடமே இருக்கவில்லை.

எல்லைக்கோட்டில் நிற்கும் சிலவும் உண்டு. குரல்பதிவை அனுப்புவது எந்த முறை? பதில் வரும் என்று எதிர்பார்த்து, இருவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சின் ஒரு துண்டாக அனுப்பினால் உரையாடல். அதே பதிவை நாலுமுறை அழித்து அழித்துப் பேசி வகுப்பு முழுவதற்கும் அனுப்பினால் முன்வைத்தல். கருவி என்ன என்பதை விட்டுவிட்டு, மறுமுனையில் நடப்பதைப் பார்த்தால் குழப்பம் வராது.

ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் மொழித்திறன் சட்டகத்திலும் இதே எண்ணம் உண்டு. ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளுக்காகவே பலரும் அறிந்திருக்கும், 2001-இல் வெளிவந்த அந்தச் சட்டகம், நான்கு திறன்களுக்குப் பதிலாக உள்வாங்கல், வெளிப்படுத்தல், ஊடாடல், இடைநின்று உதவல் என்று பகுத்தது. முதல் மூன்றும் நாம் பேசிக்கொண்டிருக்கும் மூன்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நான்காவது, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது. 2020-இல் வந்த துணைத்தொகுதி அதை மிக விரிவாக்கியது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பொருள்கொள்ளல்: விடை எழுதினால் புரிந்ததாக ஆகாது

கீழே உள்ள வாக்கியத்தைப் படியுங்கள்.

"நேற்று மாலை கிரும்பலான தொவ்வன் ஒருவன் பாலுக்கில் மொழுக்கினான்."

இப்போது கேள்விகள். மொழுக்கியவன் யார்? அவன் எங்கே மொழுக்கினான்? எப்போது? தொவ்வன் எப்படிப்பட்டவன்? நான்கிற்கும் சரியான விடை எழுதிவிடுவீர்கள், முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவீர்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் நடந்தது என்ன என்று உங்களுக்குத் துளியும் தெரியாது, ஏனென்றால் அந்தச் சொற்களுக்குப் பொருளே இல்லை. விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் பிடித்துக்கொண்டு விடையைத் தூக்கி வைத்தீர்கள், அவ்வளவுதான்.

அயல்மொழி வகுப்பில் 'பத்தியைப் படித்து விடை எழுதுக' என்ற பயிற்சியில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதும் வித்தையை மாணவர்கள் மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு அது புரிதல் என்ற பெயரில் மதிப்பெண் பட்டியலில் ஏறிவிடுகிறது.

உண்மையான பொருள்கொள்ளலை எப்படிச் சோதிப்பது? ஒரு வழி, பலருக்கு முதலில் நெருடலாகத் தோன்றும் வழி: விடையை மாணவரின் தாய்மொழியிலேயே எழுதச் சொல்வது. மூன்று முறைகளையும் சேர்த்து மதிப்பிட ஆக்ட்ஃபில் வகுத்த ஒருங்கிணைந்த மதிப்பீட்டு முறையில், புரிதலைச் சோதிக்கும் பகுதிக்கு இதைத்தான் பின்பற்றுகிறார்கள். காரணம் எளியது. மாணவருக்குப் படித்தது முழுக்கப் புரிந்திருக்கும், ஆனால் அதை அந்த மொழியில் எழுதும் அளவுக்குக் கை வந்திருக்காது. அப்போது அரைகுறையாக எழுதிய விடையைப் பார்த்து அவருக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டினால், ஒரு திறனில் உள்ள குறைக்காக இன்னொரு திறனைத் தண்டிக்கிறோம். வகுப்பில் பெரும்பகுதி நேரம் கற்கும் மொழியே ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆக்ட்ஃபிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் என்றுதான் பரிந்துரைக்கிறது. மீதமுள்ள அந்தச் சிறு பகுதியை எங்கே செலவிடலாம் என்று கேட்டால், முதலில் இங்கே என்பேன்.

இன்னொரு வழி, கேள்விகளை அடுக்கடுக்காக ஆழப்படுத்துவது. தெரிந்த சொற்களை அடையாளம் காண்பது முதல் படி. இது எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்வது அடுத்தது. பிறகு விவரங்கள். அதன்பின் தெரியாத ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியுள்ளவற்றை வைத்து ஊகிப்பது. கடைசியாக, எழுதியவர் இதை ஏன் எழுதினார், யாரை மனத்தில் வைத்து எழுதினார், வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டது என்ன என்பவை. இந்தக் கடைசிக் கேள்விகள் இருப்பதால்தான் இந்த முறைக்கு வெறும் படித்தல், கேட்டல் என்று பெயர் வைக்கவில்லை.

புதிதாகக் கற்பிக்கத் தொடங்குபவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: தொடக்கநிலை மாணவருக்கு இதெல்லாம் முடியுமா, எளிய பத்தி ஒன்றை நாமே எழுதிக் கொடுப்பது நல்லதல்லவா? அந்த மொழிக்காரர்கள் தங்களுக்காக உருவாக்கிய அசல் பொருள்களையே முதல் மாதத்திலிருந்து கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பனுவலை எளிதாக்குவதைவிட, அதைக்கொண்டு செய்யச் சொல்லும் வேலையை எளிதாக்குவது மேல். நூலகத்தின் திறப்பு நேர அறிவிப்பைக் கொடுத்து, எந்த நாளில் விடுமுறை, எந்த நாளில் நெடுநேரம் திறந்திருக்கும் என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள பத்தில் எட்டுச் சொற்கள் தெரியாவிட்டாலும், கிழமைப் பெயர்களும் எண்களும் தெரிந்த மாணவர் அதை முடித்துவிடுவார். தெரியாத சொற்களுக்கு நடுவே கலங்காமல் தேவையானதை மட்டும் எடுக்கும் பழக்கமும் அப்போதே தொடங்கிவிடும்.

உரையாடல்: எழுதி வைத்துப் படித்தால் அது நாடகம்

மூன்றில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பாடநூலில் ஓர் உரையாடல் அச்சாகியிருக்கும். இரண்டு மாணவர்கள் முன்னே வந்து, ஒருவர் இவர் பகுதியையும் மற்றவர் அவர் பகுதியையும் ஒப்பிப்பார்கள். ஆசிரியர் பேச்சுப் பயிற்சி என்று குறித்துக்கொள்வார். இரண்டு பேர் மாறி மாறி வாயைத் திறந்தார்கள் என்பதைத் தவிர உரையாடலுக்கு உரிய எதுவும் அங்கே நடக்கவில்லை. ஒருவர் தன் வரியை மறந்துவிட்டால் மற்றவர் உதவ முடியாது. ஒருவர் வரியை மாற்றிச் சொன்னால்கூட மற்றவர் தன் வரியையே சொல்வார், ஏனென்றால் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். 1950களிலும் 60களிலும் கோலோச்சிய, கேட்டுத் திருப்பிச் சொல்லும் மொழிப்பயிற்சி முறை மனப்பாட உரையாடல்களை நம்பித்தான் இருந்தது. அந்த முறை மதிப்பிழந்து பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தப் பயிற்சி மட்டும் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. ஒலிப்பைப் பழகவும், தொடர்களை வாயில் பதியவைக்கவும் அதற்கு ஓர் இடம் உண்டு. அதை உரையாடல் என்று எண்ணி மதிப்பெண் போடுவதுதான் தவறு.

கேள்விப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் 'பேட்டி'யும் பல நேரம் இப்படித்தான் முடிகிறது.

"உனக்கு அண்ணன் இருக்கிறாரா?"

"இல்லை."

"அவர் பெயர் என்ன?"

பட்டியலில் இரண்டாவது கேள்வி அதுதான், அதனால் கேட்டார். பதிலைக் கேட்க வேண்டிய தேவை அந்தப் பயிற்சியில் எங்குமே இல்லை. ஆசிரியர் கேட்கும் கேள்விகளும் இதற்கு விதிவிலக்கல்ல. கையில் சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டி, இது என்ன நிறம் என்று கேட்கும் ஆசிரியருக்கு விடை ஏற்கெனவே தெரியும். மாணவர் சிவப்பு என்கிறார், ஆசிரியர் நல்லது என்கிறார், முடிந்தது. உலகில் யாரும் இப்படிப் பேசிக்கொள்வதில்லை.

அப்படியானால் உரையாடல் எப்போது பிறக்கும்? ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்து, அது அவருக்குத் தேவையாகவும் இருக்கும்போது. தகவல் இடைவெளிப் பயிற்சி என்று சொல்வது இதைத்தான். ஸ்பானிஷ் மொழித் தொடக்கநிலை வகுப்பில் இருவருக்கு ஆளுக்கொரு வார அட்டவணையைக் கொடுத்து, இருவரும் ஓய்வாக இருக்கும் ஒரு நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் அட்டவணையை மற்றவர் பார்க்கக் கூடாது. பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்.

"எஸ்தாஸ் லிப்ரே எல் சாபதோ?" சனிக்கிழமை ஓய்வா என்று முதலாமவர் கேட்கிறார்.

"எல் சாபதோ... நோ. தேங்கோ... ஃபுத்போல்." இல்லை, கால்பந்து இருக்கிறது.

"அ கே ஓரா?" எத்தனை மணிக்கு?

"அ லாஸ் தியெஸ்." பத்து மணிக்கு.

"இ... அ லாஸ் குவாத்ரோ?" அப்போ நாலு மணிக்கு?

"கோமோ?" என்னது?

"குவாத்ரோ." நான்கு விரலைக் காட்டுகிறார். "போர் லா தார்தே." மாலையில்.

"ஆ, சி! யோ எஸ் லிப்ரே அ லாஸ் குவாத்ரோ." ஓ, சரி! நாலு மணிக்கு நான் ஓய்வுதான்.

கடைசி வாக்கியத்தில் பிழை இருக்கிறது. 'எஸ்தோய் லிப்ரே' என்று வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு மேலே நடந்ததைப் பாருங்கள். புரியாதபோது ஒருவர் கேட்டார். மற்றவர் அதையே திரும்பச் சொல்வதோடு நிற்காமல், விரலைக் காட்டி, பொழுதையும் சேர்த்துச் சொன்னார். சனிக்கிழமை முடியாது என்றதும் பேச்சை விட்டுவிடாமல் வேறு நேரத்தைக் கேட்டார். எல்லாம் அந்த நொடியில் தானாக வந்தவை. பொருளைப் பேரம் பேசிச் சரிசெய்யும் இந்த வேலைதான் மொழி கற்பதற்கு உந்துதல் என்று மொழியியலாளர் மைக்கேல் லாங் 1980களிலிருந்து வாதிட்டு வந்தார். புரியவில்லை என்று கேட்பது, நீ சொன்னது இதுதானே என்று உறுதிசெய்வது, நான் சொன்னது புரிந்ததா என்று பார்ப்பது ஆகிய மூன்றும் நடக்கும் இடத்தில்தான் மாணவர் தன் மொழிக்கும் எதிராளியின் மொழிக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்கிறார்.

எனவே முதல் வாரத்திலேயே கற்றுத்தர வேண்டிய தொடர்கள் சில உண்டு: மறுபடி சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள், அப்படியென்றால் என்ன, நீங்கள் எப்படி. வணக்கமும் நன்றியும் வருவதற்கு முன்பே இவை வர வேண்டும் என்றுகூடச் சொல்வேன். 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' (இன்னும் மெதுவாக, தயவுசெய்து) என்று கேட்கத் தெரிந்த மாணவருக்கு, புரியாத பேச்சு பேச்சின் முடிவாக இருக்காது.

நேரக் கணக்கும் உரையாடலுக்கு இருவர் இருவராகப் பேசும் பயிற்சியைத்தான் கேட்கிறது. 45 நிமிட வகுப்பில் 30 மாணவர்கள். ஆசிரியர் வாயே திறக்காமல் ஒவ்வொருவராகப் பேசவிட்டாலும் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான். அதே வகுப்பை 15 இணைகளாகப் பிரித்துப் பத்து நிமிடம் விட்டால் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஐந்து நிமிடம் பேச்சு கிடைக்கிறது. சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஆசிரியரும் பள்ளி நிர்வாகமும் பழகிக்கொள்ள வேண்டும்.

எந்த முறையில் எதைத் திருத்துவது

மேலே சொன்ன 'யோ எஸ் லிப்ரே'யை ஆசிரியர் அந்த இடத்திலேயே திருத்தலாமா? மூன்று முறைகளையும் தெரிந்துகொள்வதன் நேரடிப் பயன் இந்தக் கேள்வியில்தான் தெரிகிறது.

உரையாடல் ஓடும்போது குறுக்கே புகுந்து திருத்தினால், மாணவரின் கவனம் எதிராளியிடமிருந்து விலகி ஆசிரியரிடம் திரும்பிவிடும். அடுத்த வாக்கியத்தைத் தப்பில்லாமல் அமைக்க யோசிக்கத் தொடங்கி, பேச்சையே குறைத்துக்கொள்வார். பேச்சு நடக்கிறது, பொருள் போய்ச் சேர்கிறது என்றால் குறித்துக்கொண்டு பிறகு பார்க்கலாம். பிழையால் பொருளே சேரவில்லை என்றால் எதிராளியே 'கோமோ?' என்று கேட்பார். அதைவிட நல்ல திருத்தம் வேறில்லை. பயிற்சி முடிந்தபின் பலரிடமும் கேட்ட பிழைகளில் இரண்டு மூன்றைப் பலகையில் எழுதி, யாருடையது என்று சொல்லாமல் எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்யலாம்.

மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லி நகர்வதும் ஒரு வழக்கம். இதமான வழி, பேச்சும் நிற்காது. ஆனால் ராய் லிஸ்டரும் லைலா ராந்தாவும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997-இல் எழுதியபோது, ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துவது இதுதான், மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் இதுதான் என்று காட்டினார்கள். ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்று எண்ணி மாணவர் கடந்துவிடுகிறார். அதற்குப் பதிலாக, 'யோ...?' என்று இழுத்து நிறுத்தி மாணவரையே சரிசெய்யவிட்டால் பலன் கூடுதல்.

முன்வைத்தலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே மாணவருக்கு நேரம் இருக்கிறது, அகராதி இருக்கிறது, முதல் வரைவை ஆசிரியரோ சக மாணவரோ பார்த்துச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. கேட்பவர் நடுவில் நிறுத்தி விளக்கம் கேட்க மாட்டார் என்பதால், தெளிவும் திருத்தமும் பேசுபவரின் பொறுப்பு. உரையாடலில் பெருந்தன்மையாக விட்ட அதே பிழையை இங்கே விடக்கூடாது. அதேபோல, முன்வைத்தலில் எதிர்பார்க்கும் திருத்தத்தை உரையாடலில் எதிர்பார்ப்பதும் அநியாயம். ஒரே மாணவர் இரண்டிலும் வேறு வேறு தரத்தில் தெரிவது இயல்பு. ஆக்ட்ஃபில் 2012-இல் வெளியிட்ட செயல்திறன் விவரிப்புகளும், ஒரு மாணவரின் நிலையை மூன்று முறைகளுக்கும் தனித்தனியாகத்தான் வரையறுக்கின்றன.

முன்வைத்தலைப் பற்றி இன்னும் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும்: யாருக்காக என்பது இல்லாமல் அதைக் கொடுக்காதீர்கள். 'என் விடுமுறை பற்றி ஒரு பத்தி' என்ற வேலையில் வாசகரே இல்லை, திருத்துபவர் மட்டும்தான் இருக்கிறார். அடுத்த ஆண்டு இந்த வகுப்பில் சேரப்போகும் மாணவர்களுக்கு வரவேற்புக் கடிதம் என்றால் என்ன சொல்வது, எதை விடுவது, எந்த மரியாதையில் எழுதுவது என்பவை தாமாகவே முடிவாகும்.

ஒன்று வந்தால் மற்றொன்று தானாக வராது

நிறையக் கேட்டால், நிறையப் படித்தால் பேச்சும் எழுத்தும் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. புரியும்படியான மொழியை நிறையக் காதிலும் கண்ணிலும் போட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதுவே போதுமா என்பதில்தான் சிக்கல். பிற பாடங்களையும் பிரெஞ்சிலேயே படித்த கனடா நாட்டு ஆங்கிலமொழி மாணவர்களை மெரில் ஸ்வெய்ன் ஆராய்ந்தார். பல ஆண்டுகள் பிரெஞ்சில் கேட்டும் படித்தும் வந்த அவர்களுக்குப் புரிதல் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களுக்கு நெருக்கமாக வந்துவிட்டது. பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் மட்டும் பின்தங்கியே இருந்தது. கேட்கும்போது இலக்கணத்தைத் துல்லியமாகக் கவனிக்காமலே பொருளைப் பிடித்துவிடலாம், தாமே சொல்லும்போதுதான் எது தெரியவில்லை என்று தெரிகிறது என்பது 1985-இல் அவர் வைத்த விளக்கம்.

எனவே மூன்றுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க வேண்டும். ஆனால் தனித்தனித் தலைப்பில் அல்ல. ஒரே பொருளை எடுத்து மூன்றையும் அதற்குள்ளேயே கோத்துவிடுவதுதான் ஒருங்கிணைந்த மதிப்பீட்டு முறையின் அடிப்படை. பதின்ம வயதினரின் உறக்கம் என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில், அதைப் பற்றி அந்த மொழிக்காரர்களின் இளைஞர் இதழிலோ இணையப் பக்கத்திலோ வந்த ஒரு பக்கக் கட்டுரை. மாணவர்கள் படித்து, முக்கியக் கருத்தையும் காரணங்களையும் பிடிக்கிறார்கள். ஆசிரியர் அடுத்த நாளே பார்த்துச் சொல்கிறார், யாருக்கு எது விடுபட்டது என்று. கட்டுரையைத் தவறாகப் புரிந்துகொண்டவர் அடுத்த கட்டத்தில் திணறாமலிருக்க இந்த உடனடிக் கருத்துரை மிக முக்கியம்.

அடுத்து, இருவர் இருவராகத் தங்கள் உறக்கப் பழக்கத்தை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், கைபேசியை எங்கே வைக்கிறாய், கட்டுரையில் சொன்னது உனக்குப் பொருந்துகிறதா. இதை மதிப்பிடும்போது இணைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், மூன்று நான்கு நிமிடம் போதும். முன்பே யார் யாரோடு என்று தெரிந்துவிட்டால் மாணவர்கள் உட்கார்ந்து வசனம் எழுதிவிடுவார்கள். கடைசியாக, வகுப்பு தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைக்கக் கேட்டு, அந்த மொழி பேசும் ஒரு பள்ளி முதல்வருக்கு எழுதுவதாக ஒரு கடிதம். இரண்டு வரைவு. கட்டுரையில் படித்த சொற்களும் பேச்சில் கிடைத்த எடுத்துக்காட்டுகளும் கடிதத்தில் வந்து சேர்வதைப் பார்ப்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று.

இந்த வரிசைதான் எப்போதும் என்று கட்டாயம் இல்லை. பேச்சில் தொடங்கி, எழுந்த கேள்விகளுக்கு விடை தேடிப் படிக்கவும் வைக்கலாம். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் படிப்பதில் தொடங்குவது வசதி, ஏனென்றால் பேசத் தேவையான சொற்களும் கருத்தும் அதிலிருந்து கிடைத்துவிடும்.

தன் வகுப்பு இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர், கடந்த இரு வாரப் பாடக்குறிப்பை எடுத்து ஒவ்வொரு பயிற்சிக்கும் பக்கத்தில் அது எந்த முறை என்று எழுதிப் பார்க்கலாம். பேச்சு என்று குறித்தவற்றில் பெரும்பாலானவை ஒப்பித்தலாகவோ முன்வைத்தலாகவோ இருப்பதையும், உரையாடல் என்ற சொல் ஓரிரு இடத்தில் மட்டும் வருவதையும் பலர் காண்பார்கள். மதிப்பெண் ஏட்டையும் அப்படியே மாற்றலாம். ஸ்பானிஷ் 72 என்ற ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மூன்று கட்டங்கள் போட்டு, பொருள்கொள்ளலில் 85, உரையாடலில் 55, முன்வைத்தலில் 76 என்று எழுதினால், அந்த மாணவருக்கு அடுத்த மாதம் இன்னொரு கட்டுரை தேவையில்லை, எதிரே உட்கார்ந்து பேச ஓர் இணை தேவை என்பது அவருக்கும் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும்.